மேற்கோள் எண்ணிக்கை விஷயத்தில் வழி சொல்லுங்கள்

நண்பர்களே, நரம்பியல் ஆய்வில் இருப்பவர்கள் கொஞ்சம் உதவ முடியுமா? மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் நினைவு எப்படிப் பதிகிறது என்பதுதான் என் வேலை. இப்போது ஒரு நிதி விண்ணப்பத்தில் மொத்த மேற்கோள்களும் (மற்ற ஆய்வாளர்கள் என் கட்டுரைகளைச் சுட்டிய எண்ணிக்கை), அதை வைத்துக் கணக்கிடும் எச்-இண்டெக்ஸ் என்ற மதிப்பெண்ணும் கேட்கிறார்கள், எந்தத் தளத்திலிருந்து எடுப்பது என்று மட்டும் சொல்லவில்லை. கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, இன்னும் மதிப்பாய்வு ஆகாத முன்பதிப்பு என்று கிடைப்பதையெல்லாம் எண்ணிக்கொள்ளும், ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்த வெளியீடுகளை மட்டும் பார்க்கும், அதனால் இரண்டும் ஒத்துப்போவதே இல்லை. நீங்கள் எதைக் கொடுப்பீர்கள்? இரண்டையும் தேதியோடு குறிப்பிட்டால் போதுமா?

அப்புறம், ஒரு தரவுத்தளத்தில் என் பெயரே கொண்ட இதயநோய் ஆய்வாளர் ஒருவரின் கட்டுரைகள் என் பக்கத்தில் கலந்து கிடக்கின்றன. அவருடைய உழைப்பு என் கணக்கில் இருக்கக் கூடாது. திருத்தக் கோரிக்கை போடும்போது ஆய்வாளர்களை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்க்கிட் (ORCID) எண்ணைச் சேர்த்தால் சீக்கிரம் பிரிப்பார்களா, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்றுதான் மனதை உறுத்துகிறது. 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த எச்-இண்டெக்ஸ் கணக்கில், 20 கட்டுரைகள் தலா 20 மேற்கோளாவது பெற்றால் 20. அதில் ஒன்று 500 பெற்றாலும் அதே 20தான். என் மேற்கோள்களில் பெரும்பங்கு நியூரான் சமிக்ஞைகளைப் பிரிக்கும் ஒரு மென்பொருள் கட்டுரைக்கு வந்தவை. பல வருடம் எலிகளோடு உட்கார்ந்து செய்த சோதனைக் கட்டுரையைச் சிலரே மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், ஆனால் எனக்கு அதுதான் முக்கியமான வேலை. அதன் மதிப்பை விண்ணப்பத்தில் எப்படி எழுதுவது? அப்படி எழுதிய பத்தி யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.