ரோமர் 6: தேவனுக்கு அடிமை என்றால் விடுதலை எங்கே? வாலிபர் வேதபாடத்துக்கு யோசனை தேவை

வாலிபர்_வேதபாடம் கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வாலிபர் கூடுகையில், பவுல் ரோம சபைக்கு எழுதிய நிருபத்திலிருந்து ரோமர் 6:15-23 எடுக்க வேண்டும். 45 நிமிடம்தான் கிடைக்கும். வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். "பாவத்திலிருந்து விடுவித்த கையோடு தேவனுக்கு அடிமை ஆக்கினால் எஜமான் மாறினார், அவ்வளவுதானே? இதில் விடுதலை எங்கே?" என்று கட்டாயம் கேட்பார்கள். உதாரணத்துக்கு இரண்டு வைத்திருக்கிறேன்: யாத்திராகமம் 21-இல் விடுதலை வேண்டாம், எஜமானோடே இருக்கிறேன் என்று சொல்லிக் காது குத்தப்படும் அடிமை, பழைய கிரேக்க நாட்டின் டெல்பியில் அப்பொல்லோ தெய்வம் அடிமைகளை விலைக்கு வாங்கி விடுவித்த வழக்கம். இவை பொருந்துமா? பாடத்தை எங்கே தொடங்குவது?

பெரோயா_வாசகன்:

பிரதர், 15-ஆம் வசனத்தில் தொடங்காதீர்கள். அங்கே தொடங்கினால் பாடம் "இனி ஒழுங்காக இருங்கள்" என்ற புத்திமதியாகச் சுருங்கிவிடும். முதல் 8 நிமிடம் 6:1-14 வாசியுங்கள். கிறிஸ்துவோடு மரித்தோம், அவரோடு பிழைத்திருக்கிறோம் என்பதைப் பவுல் முதலில் சொல்லி முடிக்கிறார். அவயவங்களை ஒப்புக்கொடுங்கள் என்ற கட்டளை அதற்குப் பிறகு 13-இல்தான் வருகிறது. இந்த வரிசை மாறினால் கிருபை காணாமல் போகும்.

அடுத்து 16. இங்கே நிறைய நேரம் எடுங்கள். எதற்குக் கீழ்ப்படிய உங்களை ஒப்புக்கொடுக்கிறீர்களோ அதற்கே அடிமை என்கிறார். எஜமானே இல்லாத மூன்றாவது நிலை ஒன்று பவுலிடம் கிடையாது. "எனக்குப் பிடித்ததைச் செய்வதுதான் சுதந்திரம்" என்று ஒரு தம்பி சொன்னால், ராத்திரி ஒரு மணிக்குப் போனைக் கீழே வைக்க நினைத்தும் முடியாமல் போவதைப் பற்றிக் கேளுங்கள். தன்னால் மறுக்க முடியாத ஒன்றை ஆளுக்கொரு துண்டுத்தாளில் எழுதட்டும். அதை வாசிக்கச் சொல்லாதீர்கள், வாங்கவும் வாங்காதீர்கள். சபை நடுவே அறிக்கையிட வைத்தால் பாதிப் பேர் பொய் எழுதுவார்கள், மீதிப் பேர் அடுத்த வாரம் வரமாட்டார்கள்.

பிறகு பலகையில் இரண்டு பத்தி போட்டு 20-23-ஐ அவர்களே நிரப்பட்டும். பாவத்தின் பக்கம்: பலன் வெட்கம், முடிவு மரணம். தேவன் பக்கம்: பலன் பரிசுத்தமாகுதல், முடிவு நித்தியஜீவன். கடைசி வரியில் "சம்பளம்" என்று எழுதச் சொல்லுங்கள். பாவத்தின் பக்கம் நிரம்பும். தேவன் பக்கம் நிரம்பாது. அங்கே இருப்பது கிருபைவரம், உழைத்துச் சம்பாதிக்காத இலவச ஈவு. அடிமை உவமை அந்த இடத்தில் உடைகிறது, அது உடைய வேண்டும் என்றே பவுல் எழுதியதாக எனக்குத் தோன்றுகிறது. உங்கள் பலவீனத்தினிமித்தம் மனுஷர் பேசுகிறபடி பேசுகிறேன் என்று 19-இல் அவரே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார். உங்கள் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் அந்த நிரம்பாத கட்டத்தில்தான் இருக்கிறது.

கெங்கிரேயா:

டெல்பி உதாரணத்தை விட்டுவிடுங்கள். பிரசங்கங்களில் அடிக்கடி வரும், ஆனால் நெருங்கிப் பார்த்தால் நிற்காது. அங்கே கல்லில் வெட்டிய விடுதலைப் பத்திரங்கள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. தெய்வத்துக்கு விற்றதாகப் பத்திரம் சொல்லும். பணமோ பொதுவாக அடிமை தன் பக்கத்திலிருந்து திரட்டியது. பல பத்திரங்களில், பழைய எஜமான் சாகும்வரை கூடவே இருந்து வேலை செய்ய வேண்டும் என்று நிபந்தனையும் உண்டு. விடுதலையானவர் அப்பொல்லோவுக்கு அடிமையாகிவிடவும் இல்லை. கிரயத்தை இன்னொருவர் கொடுத்தார் என்பதுதான் பவுலின் செய்தி. அடிமையே பணம் கட்டும் கதை அதற்கு நேர் எதிர்.

பதிலாக 1 கொரிந்தியர் 7:22-ஐ வையுங்கள்: கர்த்தருக்குள் அழைக்கப்பட்ட அடிமை கர்த்தருடைய சுயாதீனன், அதாவது அவரால் விடுதலை பெற்றவன். ரோமச் சட்டத்தில் விடுதலை பெற்றவர் எஜமானின் குடும்பப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்வார். அவரைத் தன் புரவலராக மதித்து நடக்கும் கடமையும் தொடரும். கொரிந்து கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசரின் ஆணைப்படி மறுபடி குடியேற்றப்பட்ட ஊர். குடியேறியவர்களில் விடுதலை பெற்ற அடிமைகள் ஏராளம். அங்கே போய் "கர்த்தருடைய சுயாதீனன்" என்றால் விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

காது குத்துவதற்கு யாத்திராகமம் 21 வேண்டாம், உபாகமம் 15:12-17 எடுங்கள். யாத். 21:4-இல் எஜமான் கொடுத்த மனைவியும் பிள்ளைகளும் எஜமானிடமே இருக்க வேண்டும். அடிமை தனியாகத்தான் வெளியே போக முடியும். அப்படிப்பட்டவன் "போகமாட்டேன்" என்பதை முழு விருப்பம் என்று சொல்ல வாய் வரவில்லை. கூர்மையான பிள்ளை ஒன்று இருந்தாலும் இதைப் பிடித்துவிடும். உபாகமத்தில் அந்த நிபந்தனை இல்லை. 7-ஆம் வருஷம் வெறுங்கையாய் அனுப்பக்கூடாது. ஆட்டுமந்தை, களம், திராட்சை ஆலை மூன்றிலிருந்தும் தாராளமாகக் கொடுத்து அனுப்ப வேண்டும். அப்படிக் கையில் பொருளோடு வாசல்வரை வந்தவன் நேசத்தால் திரும்பினால் அது தெரிவு. பெண்ணுக்கும் அதே முறை என்று 17 சொல்கிறது.

லோவிசாள்:

இன்னொரு ஆபத்தையும் கவனியுங்கள் சகோதரரே. "தேவனுக்கு அடிமை" என்று மேடையில் சொன்னது, கீழே இறங்கும்போது "பாஸ்டர் சொன்னதைச் செய்" என்று ஆகிவிடுகிறது. இதே பாடத்தில் 1 கொரிந்தியர் 7:23-ஐச் சேர்த்தே வாசியுங்கள்: கிரயத்துக்குக் கொள்ளப்பட்டவர்கள் மனுஷருக்கு அடிமைகளாகக்கூடாது. 2 கொரிந்தியர் 11:20-இல் தங்களைச் சிறையாக்கி முகத்தில் அறைகிறவர்களைச் சகிக்கிற சபையைப் பவுல் கிண்டலே செய்கிறார்.

பாட முடிவில் அர்ப்பணிப்பு அட்டை கொடுத்துக் கையெழுத்து வாங்க நினைத்தால் வேண்டாம். யோசுவா 24-இல் ஜனங்கள் "சேவிப்போம்" என்றதும் யோசுவா கைதட்டவில்லை. "நீங்கள் கர்த்தரைச் சேவிக்கமாட்டீர்கள்" என்று தடுக்கிறார். அதன் பிறகும் அவர்கள் உறுதியாய் நின்றபோதுதான் உடன்படிக்கை. யாராவது படிப்பை விட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகிறேன் என்றால் அன்றைக்கே ஜெபித்து அனுப்பாதீர்கள். சில மாதம் போகட்டும், வீட்டில் பேசட்டும், லூக்கா 14:28-இன்படி செல்லும் செலவை உட்கார்ந்து கணக்குப் பார்க்கட்டும். சபைப் பொறுப்பு எதையும் முடிவு தேதியோடு கொடுங்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாத பொறுப்பை ஊழியம் என்று எப்படிச் சொல்வது? ஓய்வுநாள் கட்டளையில் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்று தனியாகவே எழுதியிருக்கிறது (உபா. 5:14).

வாலிபர்_வேதபாடம்:

நன்றி பிரதர், நன்றி சிஸ்டர். டெல்பியை எடுத்துவிட்டேன். ஒன்று மட்டும்: "இனி நீ அடிமையல்ல, புத்திரன்" என்று கலாத்தியர் 4:7 சொல்கிறதே. அதைக் காட்டிக் கேட்டால்?

பெரோயா_வாசகன்:

கேட்பார்கள். ரோமர் 8:15-ஐ மட்டும் வாசித்துக் காட்டுங்கள். அங்கே பவுல் தள்ளுவது பயப்படுகிறதற்கான அடிமைத்தனத்தின் ஆவியை. தப்பு செய்தால் துரத்திவிடுவார் என்று நடுங்கி வேலை செய்வது அது. யோவான் 8:35-இலும் அடிமை என்றைக்கும் வீட்டில் நிலைத்திரான், குமாரன் நிலைத்திருக்கிறான். கீழ்ப்படிதலைப் பவுல் தள்ளவில்லை. மகனும் வயலுக்குப் போகிறான், ஆனால் வீட்டை இழக்கும் பயம் அவனுக்கு இல்லை. இதற்கு 3 நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். 8-ஆம் அதிகாரத்தை அடுத்த கூடுகைக்கு வையுங்கள். இரண்டையும் ஒரே 45 நிமிடத்தில் திணித்தால் பலகையில் அந்தக் கடைசிக் கட்டத்துக்கு நேரம் இருக்காது.