புதுப்பிப்பு: மகளின் ஸ்டிக்கர் பிரச்சினை

போன மாதம் எழுதியிருந்தேனே, தரம் 9 படிக்கும் என் மகளின் போட்டோவை வட்ஸ்அப் ஸ்டிக்கராக்கி, "லயத்து ராணி" என்று போட்டு வகுப்புக் குரூப்பில் அனுப்புகிறார்கள் என்று. (லயம் என்றால் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்.) அதன் மிச்சக் கதை இது.

எதையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுக்கச் சொன்னவர்களுக்கு நன்றி. பதினொரு படம், திகதி நேரத்தோடு. ஹட்டன் டவுனில் பிரிண்ட் எடுத்து அதிபரிடம் கொடுத்தேன். "பிள்ளைகள் விளையாட்டுத்தானே" என்றார். நான் வாய் திறக்கவில்லை. தாள்களைப் புரட்டினார். நான்காவது தாளில் முகம் மாறியது. அதில் நானும் இருந்தேன், கொழுந்துக் கூடையோடு.

1929க்கும் பேசினேன். இலங்கையின் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம், இலவசம், தமிழிலேயே பேசலாம். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

குரூப் கலைந்தது. ஸ்டிக்கர் செய்த பையன் யார் தெரியுமா? என் பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிற அக்காவின் மகன். அவனும் லயத்துப் பிள்ளைதான்! அக்காவே அவனைக் கூட்டிவந்து மன்னிப்புக் கேட்க வைத்தார்.

மகள் இன்னும் அவனோடு பேசவில்லை. பேசச் சொல்லி நானும் கேட்கவில்லை.