ஆர்.சி. டிரக் ஷாக்: ஆயிலை மாற்றவா, பிஸ்டனை மாற்றவா?

வணக்கம் நண்பர்களே. என்னுடையது ரிமோட்டில் ஓடும் (ஆர்.சி.) 1/10 அளவு ஷார்ட் கோர்ஸ் டிரக், 2 வீல் டிரைவ். ஓட்டுவது செம்மண் மைதானத்தில். ஒரு பக்கம் குதிக்கவிட மண்மேடு, மீதியெல்லாம் குண்டும் குழியும்.

பின் ஷாக்கில் (அதிர்வுதாங்கியில்) 30 வெயிட், அதாவது 350 சிஎஸ்டி (ஆயில் எவ்வளவு கெட்டி என்பதற்கான அளவு) சிலிக்கான் ஆயில் ஊற்றினால் குண்டுகுழியில் அருமையாகப் போகிறது. ஆனால் குதித்து இறங்கும்போது சேஸிஸ் தரையில் 'டப்'பென்று அடிக்கிறது. 40 வெயிட் ஊற்றினால் அந்த அடி நிற்கிறது, ஆனால் பின் சக்கரம் தத்தித் தத்திப் பிடிமானமே இல்லாமல் போகிறது. மதிய வெயிலில் ஆயில் இளகிவிட்டால் அந்த 'டப்' அடி இன்னும் மோசம்.

உள்ளே காற்றுக்குமிழ் இல்லை. தண்டை அழுத்தினால் சளசள சத்தம் வருவதில்லை, இடதும் வலதும் ஒரே வேகத்தில் அசைகின்றன. டிரக்கை அழுத்தி விட்டால் பின் டிரைவ் ஷாஃப்ட் தரைக்கு இணையாக நிற்கிறது. ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் வளையமான காலரை இறுக்கினால் உயரம்தான் மாறும், ஸ்பிரிங் விறைப்பாகாது என்பதால் அதைத் தொடவில்லை.

ஷாக்குக்குள் ஆயிலில் அசையும் பிஸ்டனைத் துளை சின்னதானதாகப் போட்டு, ஆயிலை இளக்கமாக்கலாமா என்று யோசிக்கிறேன். வேகமாக இறங்கும்போது ஆயில் துளையில் நெருக்கி அடியைத் தாங்கும், சரி. ஆனால் குண்டுகுழியிலும் பிஸ்டன் வேகமாகத்தானே அசையும், அங்கேயும் இறுகிவிடுமா? இல்லை, ஷாக்கின் மேல்முனையை டவரில் (அதை மாட்டும் தட்டில்) வெளித்துளைக்கு மாற்றி நிமிர்த்தினாலே போதுமா?

இதுபோன்ற இடத்தில் ஓட்டுபவர்கள் உங்கள் பிஸ்டன், ஆயில், ஸ்பிரிங் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆயிலை சிஎஸ்டி கணக்கில் சொன்னால் நல்லது, வெயிட் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது.