புதிய பேட்டரியும் இறங்குகிறது. ஆல்டர்னேட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

உப்பளத்துக்காரன், தூத்துக்குடி

2012 மாடல் பெட்ரோல் கார். வீடு உப்பளத்தை ஒட்டியது, வண்டி வெட்டவெளியில்தான் நிற்கும். கோடையில் புதிய பேட்டரி போட்டேன். அதுவும் இப்போது இரண்டு நாள் எடுக்காமல் விட்டால் செல்ஃப் எடுக்க மறுக்கிறது. தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தள்ளித்தான் கிளப்புகிறேன்.

மல்டிமீட்டரில் பார்த்தால் காலையில் 12.1 வோல்ட். எஞ்சின் ஓடும்போது 13.5. ஹெட்லைட்டும் ஏசியும் போட்டால் 12.8. சாவி திருப்பியதும் பேட்டரி விளக்கு எரிகிறது, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள் பட்டறையில். அவ்வளவு செலவு செய்யும் முன் வீட்டிலேயே உறுதி செய்துகொள்ள வழி உண்டா?

பாளையங்கோட்டை வாசகர்

நிற்கும்போது கரண்ட் கசிகிறதா என்று முதலில் பாருங்கள். நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கழற்றிய ஒயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையில் இணையுங்கள். கதவுகளைப் பூட்டி அரை மணி நேரம் விட்டால் 50 மில்லி ஆம்பியருக்குள் அடங்க வேண்டும். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது மறந்தும் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

உப்பளத்துக்காரன்

பார்த்தேன் சார், 25-தான் காட்டுகிறது.

மதுரை, ஆட்டோ எலெக்ட்ரிக்கல் வேலை

அப்படியானால் கசிவு இல்லை தம்பி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். உங்களுக்குக் குறைகிறது, உண்மைதான். ஆனால் நீங்கள் அளந்தது பேட்டரி முனையில். ஆல்டர்னேட்டர் என்ன கொடுக்கிறது என்று யாருமே இன்னும் அளக்கவில்லை. அளக்காமலே அதைக் கழற்றச் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நல்ல ஆல்டர்னேட்டர்கள் எத்தனையோ இப்படித்தான் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன.

ஹெட்லைட், ஏசி இரண்டையும் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு மூன்று அளவு எடுங்கள். ஆல்டர்னேட்டரின் பின்னால் தடித்த ஒயர் வரும் போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் இடையே ஒன்று. அந்த போல்ட்டுக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் இடையே ஒன்று. ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே ஒன்று. பின் இரண்டும் 0.2, 0.3-ஐத் தாண்டக் கூடாது. பெல்ட், ஃபேன் பக்கம் மீட்டர் ஒயர் தொங்க வேண்டாம். அந்த போல்ட்டில் சாவி போடாதபோதும் பேட்டரி கரண்ட் இருக்கும்; அதைத் தொடும் இரும்பு எஞ்சினிலும் பட்டால் தீப்பொறிதான்.

ஓடும் வண்டியில் பேட்டரி ஒயரைக் கழற்றி, எஞ்சின் நிற்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை யாரையும் செய்ய விடாதீர்கள். வோல்ட்டேஜ் ஒரே எகிறாக எகிறி, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசிஎம் போய்விடும்.

இன்னொன்று. பேட்டரி புதிதாகப் போட்ட அன்றும் செல்ஃப் மந்தமாகத்தான் சுற்றியதா?

உப்பளத்துக்காரன்

ஆமாம் அண்ணா, அன்றைக்கே இழுத்து இழுத்துத்தான் சுற்றியது. அளவுகள் வரிசையாக: 14.2, 0.1, 1.3.

மதுரை, ஆட்டோ எலெக்ட்ரிக்கல் வேலை

ஆல்டர்னேட்டர் 14.2 கொடுக்கிறது. பாசிட்டிவ் ஒயரும் சரி. நெகட்டிவ் பக்கத்தில் 1.3 வழியிலேயே போய்விடுகிறது, மிச்சம் 12.8 பேட்டரிக்கு. ஆல்டர்னேட்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை. உங்கள் கோளாறு எர்த்தில், அதாவது எஞ்சினுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையேயான இணைப்பில். செல்ஃப் மோட்டாரும் அதே எர்த்தைத்தான் நம்பியிருக்கிறது. புதிய பேட்டரியிலும் அது மந்தமானது அதனால்தான்.

பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கு ஒரு அளவு, பாடியிலிருந்து எஞ்சினுக்கு ஒரு அளவு எடுத்தால் எந்தத் துண்டு என்று தெரிந்துவிடும். எஞ்சினையும் பாடியையும் சேர்க்கும் பின்னல் செம்புப் பட்டை மேல்தான் எனக்குச் சந்தேகம். உப்புக் காற்றுக்கு முதலில் இரையாவது அதுதான்.

உப்பளத்துக்காரன்

அதேதான் அண்ணா. பாடிக்கும் எஞ்சினுக்கும் இடையே 1.2 காட்டியது. நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் பட்டையை அவிழ்த்தேன். மேலே வெறும் அழுக்காகத் தெரிந்தது. போல்ட் வெளியே வந்ததும் வாஷருக்கு அடியிலிருந்து பச்சைத் தூள் கொட்டியது. பின்னலில் பாதி இழை அறுந்திருந்தது, மீதியும் விரலால் வளைத்ததுமே பொடிந்தது. புதுப் பட்டை வாங்கி, பாடியில் அது உட்காரும் இடத்தை இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசினேன். இப்போது லைட், ஏசி எல்லாம் போட்டும் பேட்டரியில் 14.0. செல்ஃப் ஒரே இழுப்பில் எடுக்கிறது.

மதுரை, ஆட்டோ எலெக்ட்ரிக்கல் வேலை

மிக்க மகிழ்ச்சி தம்பி. ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மாதக்கணக்கில் அரைச் சார்ஜில் கிடந்த பேட்டரி, கடைத்தெருவுக்குப் போய் வரும் ஓட்டத்தில் நிறையாது. தனி சார்ஜரில் போடுங்கள்: 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி என்றால் மூன்று, மூன்றரை ஆம்பியர் போதும், காற்றோட்டமான இடத்தில். சார்ஜரை எடுத்ததும் அளக்காதீர்கள், அந்த அளவு கூடுதலாகத்தான் காட்டும். ஓர் இரவு விட்டுக் காலையில் பாருங்கள். 12.6 இருந்தால் பேட்டரி பிழைத்தது. 12.4-ஐத் தாண்டவில்லை என்றால், உத்தரவாத அட்டையோடு வாங்கிய கடைக்குப் போய் லோடு டெஸ்ட், அதாவது கரண்ட் இழுக்கவிட்டுப் பார்க்கும் சோதனை, செய்யச் சொல்லுங்கள்.