முக்கோணம் சுற்றியதா, புரண்டதா?

கவின்: சித்தி, ஒரு சந்தேகம். முனைகள் (1, 1), (4, 1), (1, 3). ஆதிப்புள்ளியைச் சுற்றி எதிர்க்கடிகாரத் திசையில் 90 பாகை சுழற்ற வேண்டும். (1, 1), (1, 4), (3, 1) என்று எழுதினேன். தப்பாம்.

அம்மா: நேற்று இரவிலிருந்து இதே புலம்பல்.

சித்தி: கால் வட்டம் சுற்றிய பிறகும் முதல் கால்பகுதியிலேயே உட்கார்ந்திருக்கிறதே, எப்படிடா?

கவின்: அட ஆமாம்.

கவின்: ஆனால் எண்களை இடம் மாற்றத்தானே சொன்னீர்கள்?

சித்தி: மாற்றிவிட்டு, முன்னால் வரும் எண்ணின் குறியையும் மாற்றச் சொன்னேன். (4, 1) போய் (-1, 4) வரும். நீ பாதியைத்தான் காதில் வாங்கியிருக்கிறாய்.

பெரியப்பா: சுற்றினால் அளவு மாறாதா?

சித்தி: மாறாது அத்தான். பக்கமும் கோணமும் அப்படியே இருக்கும்.

நிலா: அப்படியானால் கவின் போட்டது என்னதான்?

சித்தி: எதிரொளிப்பு. ஆதிப்புள்ளி வழியாக 45 பாகையில் ஏறும் கோடுதான் கண்ணாடி. விரலால் முனைகளை வரிசையாகத் தொட்டுப் பாருங்கள். பழைய முக்கோணத்தில் விரல் எதிர்க்கடிகாரமாகப் போகும், கவினுடையதில் கடிகாரமாக. சுழற்றினால் இது மாறவே கூடாது.

கவின்: டிரேசிங் தாளில் வரைந்து, ஆதிப்புள்ளியில் குண்டூசி குத்திச் சுற்றினேன். என் முக்கோணத்தின் மேல் பொருந்தவே இல்லை. தாளைக் கவிழ்த்தால்தான் பொருந்துகிறது!

சித்தி: அதேதான். இப்போது உன் தப்பான முக்கோணத்தை ஒய் அச்சில் இன்னொரு முறை எதிரொளி.

கவின்: (-1, 1), (-1, 4), (-3, 1)

கவின்: சித்தி!! சரியான விடை வந்துவிட்டது

சித்தி: சாய்கோட்டுக்கும் ஒய் அச்சுக்கும் நடுவே 45 பாகை. இரண்டிலும் அடுத்தடுத்து எதிரொளித்தால் அதன் இரு மடங்கு சுற்றும்.

நிலா: இரண்டு கண்ணாடியும் இணையாக இருந்தால்? வெட்டிக்கொள்ளவே செய்யாதே.

சித்தி: நல்ல கேள்வி. முதலில் ஒய் அச்சு, அப்புறம் அதற்கு வலப்புறம் 3 அலகு தள்ளி நிற்கும் கோடு. போட்டுப் பார்.

நிலா: (1, 1) முதலில் (-1, 1), அப்புறம் (7, 1). சுற்றவே இல்லை, 6 அலகு நகர்ந்திருக்கிறது. வெறும் இடப்பெயர்வு!

பெரியப்பா: 3-க்கு 6. இதிலும் இரு மடங்கா, பலே.

அம்மா: அதெல்லாம் சரி, மதிப்பெண்?

கவின்: பாதி வேலை செய்திருக்கிறேன், பாதி மதிப்பெண் கேட்கலாமா?

சித்தி: கேள். மீதிப் பாதியைப் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் கேள்.