கொரோனாவில் வயிற்றுப்போக்கு: கிருமியா, மாத்திரையா?

வைகைக்கரை:
2021 மே மாசம் அம்மாவுக்கு முதல்ல வந்தது இருமல் இல்ல, வயிற்றுப்போக்கு. ஒரே ராத்திரியில ஏழெட்டு தடவை. முந்தின நாள் மீன்குழம்புதான் ஒத்துக்கலன்னு நினைச்சு ஓமத்தண்ணி கொடுத்தோம். மூணாம் நாள் மூச்சு வாங்குச்சு, டெஸ்ட் பாசிட்டிவ். "வயித்தால போனதெல்லாம் மாத்திரையாலதான்"னு இங்க ஒருத்தர் எழுதினதைப் படிச்சதும் மனசு பொறுக்கல.

மருந்துக்கடைக்காரன்:
எழுதினது நான்தான் தம்பி. அம்மா இப்ப நல்லா இருக்காங்களா? அந்த அலையில என் கடைக்கு வந்த சீட்டுல பாதிக்கு மேல அசித்ரோமைசின், இல்லேன்னா டாக்சிசைக்ளின். ரெண்டுமே ஆன்டிபயாடிக், வயித்தைக் கலக்கும். மாத்திரை செஞ்ச வேலையைக் கிருமி தலையில கட்டக்கூடாது.

வைகைக்கரை:
நல்லா இருக்காங்கண்ணே. ஆனா அம்மாவுக்கு ஒரு மாத்திரை உள்ள போறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருச்சே! 2020 ஜனவரியில அமெரிக்காவோட முதல் நோயாளி, வாஷிங்டன் மாநிலத்துக்காரர். அவருக்கும் ஆஸ்பத்திரியில சேரும்போதே குமட்டல், வாந்தி. மறுநாள் வயிறு போச்சு. ஆன்டிபயாடிக் ஏத்தினது அதுக்கப்புறம்தான். மலத்துலயும் கிருமியோட ஆர்என்ஏ, அதாவது அதோட மரபுப்பொருள், இருந்துச்சு.

உயிரியல் டீச்சர்:
இதுல வியக்க ஒண்ணுமில்ல. செல்லுக்குள்ள நுழைய இந்தக் கிருமி பிடிச்சுக்கிறது ஏசிஇ2 என்ற புரதத்தை. அது நுரையீரலைவிட சிறுகுடல் சுவர்ல எக்கச்சக்கம். சாப்பாட்டுல இருக்கிற அமினோ அமிலங்களைக் குடல் உறிஞ்சுறதுக்குத் துணை நிக்கிறதே அதுதான். கிருமிக்கு அங்க கதவு திறந்தே கிடக்கு.

மருந்துக்கடைக்காரன்:
டீச்சர், தொண்டையில நெகட்டிவ் ஆன பிறகும் மலத்துல வாரக்கணக்கா ஆர்என்ஏ தெரியும். அதுக்காக உயிருள்ள கிருமின்னு ஆயிடாது. உயிரோட பிரிச்செடுத்தது ரொம்பக் குறைவு. கழிவறை வழியா பரவும்னு ஜனங்களைப் பயமுறுத்தாதீங்க.

உயிரியல் டீச்சர்:
பரவுதுன்னு நான் சொல்லவே இல்லையே. மூச்சுதான் முக்கிய வழி. ஆனா 2003-ல பரவின சார்ஸை மறந்துடாதீங்க, அதுவும் கொரோனா வகைக் கிருமிதான். அதுவும் இதே ஏசிஇ2 வழியாதான் நுழையும். ஹாங்காங் அமாய் கார்டன்ஸ் குடியிருப்புல 300 பேருக்கு மேல வந்துச்சு. பல பேருக்கு வயிற்றுப்போக்கு. குளியலறைத் தரையில, சாக்கடைக் காத்தை மேல விடாம தடுக்கிற வளைகுழாய்த் தண்ணி வத்தி, சாக்கடைக் காத்து வீட்டுக்குள்ள ஏறினதுதான் காரணம்னு விசாரிச்சவங்க சொன்னாங்க.

மருந்துக்கடைக்காரன்:
சரி, தம்பியோட அம்மா விஷயத்துல நான் சொன்னது பொருந்தாது, ஒத்துக்கிறேன். ஆனா அஞ்சாம் நாள், ஆறாம் நாள் வயிறு போனவங்களுக்கு முதல்ல சீட்டைத்தான் பார்ப்பேன். அதுல மாற்றமில்ல. அன்னிக்கு ராத்திரி ஓஆர்எஸ் கொடுத்தீங்களா?

வைகைக்கரை:
இல்லண்ணே. விடியும்போது நாக்கு காஞ்சு, பேச்சே வரல. ஒரு லிட்டர் தண்ணியில ஒரு பாக்கெட் கலக்கணும்னுகூட யாரும் அப்ப சொல்லல.