புதுப்பிப்பு: காலிப்பூர் போய்விட்டு வந்தோம்

வடக்கு அந்தமானில் கூட்டமில்லாத கடற்கரை எது, ஆமை முட்டையிடுவதைப் பார்க்க முடியுமா என்று டிசம்பரில் கேட்டிருந்தேன். நீங்கள் சொன்ன காலிப்பூருக்கே போனோம். போர்ட் பிளேரிலிருந்து திக்லிப்பூருக்குப் பேருந்தில் ஒரு முழுப் பகல் ஆகிவிடும். அப்புறம் இன்னும் 18 கி.மீ.

மணல் வெள்ளை இல்லை, சாம்பல் நிறம். பகலில் எங்களைத் தவிர நாலைந்து மீனவர்கள்தான்.

இரண்டாம் நாள் இரவு வனத்துறைக் காவலர் கூப்பிட்டார். ஒரு பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி என்கிற கடலாமை) பின்துடுப்பைக் கரண்டி போல வளைத்து, பிடிப்பிடியாக மணலை அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தது. கண்ணோரம் நீர் வழிந்தது. உடம்பின் உப்பை அது அப்படித்தான் வெளியேற்றுமாம். எங்களுக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

போகிறவர்கள் தயவுசெய்து டார்ச், ஃபிளாஷ் அடிக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும்.